கெம்பு ஹொல: இந்த வருஷம் படித்ததும் படித்துக்கொண்டிருப்பதும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிவாக்கில் கீழேயிருந்து டண் டண் என்று ரெண்டு சத்தம் வரும். கீழ்வீட்டு மேஷ்ட்ரு கைத்தடியால் மாடிப்படிக் கம்பியைத் தட்டுகிறார் என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு நான் இறங்குவேன். "பாம்மா" என்பார், வாம்மா என்று. வராந்தாவில் ரெண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் புத்தகமும் ஸ்டீல் டம்ளரில் காபியும். அங்கே உட்கார்ந்து நான் சத்தமாகப் படிப்பேன். கன்னடம். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும்.

அவர் ஹைஸ்கூலில் கன்னடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருஷமாக விழித்திரையில் கோளாறு. நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் உட்கார்ந்துவிட்டது, ஓரத்தில் இருப்பது தெரிகிறது, உற்றுப் பார்க்கிற எழுத்து மட்டும் தெரிவதில்லை. வீடு நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒரு வரி படிக்க முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் கண் இருக்கிறது, பாஷை அரைகுறை. அவரிடம் பாஷை முழுசாக இருக்கிறது, கண் இல்லை. ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு வாசகர் தேறுகிறார்.

இந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதுதான் இந்த வருஷம் நான் படித்த புத்தகங்களின் கதையும். அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் சாத்தூர்க்காரி. 2006-ல் கல்யாணமாகி பெங்களூர் வந்தேன். ஜீவன் பீமா நகரில் மாடி வீடு, குயின்ஸ் ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை. வந்து பத்துப் பதினைந்து வருஷம் வரைக்கும் கன்னடம் என்றால் எனக்கு 'எஷ்டு', 'பேடா', 'ஸொல்ப அட்ஜஸ்ட் மாடி' இவ்வளவுதான். காய்கறி வண்டிக்காரர் தமிழ் பேசுவார், பூக்காரம்மா தமிழ் பேசுவார், ஆபீஸில் ஆங்கிலம். புத்தகத்துக்கு அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1950-ல் ஆரம்பித்த சங்கம். அதன் நூலகத்தில் எத்தனை சனிக்கிழமை மத்தியானங்களைக் கழித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அங்கே எடுத்துப் படித்ததெல்லாம் கரிசல் காடு, தாமிரபரணிக் கரை, காவிரிக் கரை. குடியிருந்தது ஒரு ஊரில், படித்தது வேறு ஊர்களில்.

போன வருஷம் ஒருநாள் என் மகள் என் அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டே கேட்டாள்: "இவ்வளவு படிக்கிறியேம்மா, நம்ம ஊர்க்காரங்க எழுதினது ஒண்ணாவது இருக்கா இதுல?" நான் கி. ராஜநாராயணன் வரிசையைக் காட்டினேன். "அது உங்க ஊரு. நம்ம ஊரு எங்கே?" என்றாள். அவள் பிறந்தது இங்கே, அல்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில். அவளுக்கு 'நம்ம ஊரு' என்றால் பெங்களூர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்துக்குப் போனபோது, கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்த புத்தகங்களாகத் தேடி எடுத்தேன்.

முதலில் கையில் வந்தது விவேக் ஷான்பாக் எழுதி, கே. நல்லதம்பி தமிழாக்கிய 'காச்சர் கோச்சர்'. கன்னடத்தில் 2013-ல் வந்தது. சின்னப் புத்தகம்தான். இந்திராநகர் மெட்ரோவில் ஏறினால் நான் கப்பன் பார்க்கில் இறங்க வேண்டும். அல்சூர், டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, அதற்குள் இறங்குகிற ஸ்டேஷன் வந்துவிடும். ஒரு தடவைக்கு நாலு பக்கம் ஓடும். அப்படி நாலு நாலு பக்கமாகப் படித்தும் அந்தப் புத்தகம் என்னை விடவில்லை. ஆபீஸில் வவுச்சர்களைச் சரிபார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டு ஆட்கள்தான் கண்ணுக்குள் நின்றார்கள்.

கீழ் நடுத்தரக் குடும்பம். அப்பா விற்பனைப் பிரதிநிதி வேலை பார்த்தவர். வீட்டில் எறும்புத் தொல்லை. சித்தப்பா மசாலாப் பொடி வியாபாரம் ஆரம்பிக்கிறார், பணம் கொட்டுகிறது, பெரிய வீட்டுக்குப் போகிறார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் ஒரே உடம்பு மாதிரி ஆகிவிடுகிறது. சம்பாதிக்கிற சித்தப்பாவைச் சுற்றி எல்லாரும் வேலி போட்டு நிற்கிறார்கள். ஒருநாள் சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள், கையில் அவருக்குப் பிடித்த மசூர் பருப்புக் குழம்பு. வீட்டுப் பெண்கள் அவளை விரட்டுகிற விதம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அடி, ரத்தம் எதுவும் இல்லை. வெறும் பேச்சும் ஒரு பாத்திரமும். அதைவிடக் கொடூரமான ஒரு காட்சியை இந்த வருஷம் நான் படிக்கவில்லை.

தலைப்பில் இருக்கிற அந்த ரெண்டு சொல்லுக்குக் கன்னட அகராதியில் அர்த்தம் கிடையாது. கதை சொல்கிறவனின் மனைவி பிறந்த வீட்டில், பட்டம் விடுகிற நூல் சிக்கிக்கொண்ட நேரத்தில் பிறந்த சொல் அது. அந்த வீட்டு ஆட்கள் நாலு பேருக்கு மட்டுமே புரியும். கல்யாணமாகி வந்தவள் அதைப் புருஷனுக்குச் சொல்கிறாள். ஒரு வீட்டுச் சொல் இன்னொரு வீட்டுக்குப் போகிறது. எங்கள் வீட்டில்கூட அப்படி ஒரு சொல் உண்டு, சாத்தூரில் என் ஆச்சி உண்டாக்கியது. அதை என் வீட்டுக்காரரிடம் முதன்முதலில் சொன்ன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. படித்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

இந்தப் புத்தகம் முடிந்த கையோடு, அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது மேஷ்ட்ருவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தமிழ்ல பந்திதெயா?" என்று மூன்று தடவை கேட்டார். தமிழில் வந்திருக்கிறதா என்று. ஒரு மணி நேரம் நின்றபடியே பேசினோம். அத்தனை வருஷம் வாடகை, தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி என்று மட்டுமே பேசியிருந்த ரெண்டு பேர் நாங்கள்.

அவர் சொல்லித்தான் அடுத்ததை எடுத்தேன். சித்தலிங்கையாவின் சுயசரிதை. கன்னடத்தில் 'ஊரு கேரி', பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'ஊரும் சேரியும்'. சித்தலிங்கையா மாகடிப் பக்கத்துக்காரர், கன்னடத் தலித் கவிதையின் பெரிய குரல், 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். புத்தகம் திறக்கிற இடத்தில் ஒரு சின்னப் பையன் வயலைப் பார்க்கிறான். ரெண்டு ஆட்கள் தோளில் நுகத்தடியைத் தாங்கி இழுக்கிறார்கள், பின்னால் ஒருவர் உழுகிறார். மாட்டுக்குப் பதில் மனுஷர்கள். அந்த ரெண்டு பேரில் ஒருவர் அந்தப் பையனின் அப்பா. இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவே இல்லை. புத்தகம் முழுக்க அப்படித்தான், சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே போகிறார், நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்த பையன் படிக்க இடமில்லாமல் சுடுகாட்டில் போய் உட்கார்ந்து படித்ததை ஒரு சந்தோஷமான ஞாபகமாகச் சொல்கிறார். ஸ்ரீராமபுரத்துக்கு எத்தனையோ தடவை எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தத் தெருக்களில் அவர் நடந்திருக்கிறார் என்று தெரியாமலே போய்வந்திருக்கிறேன்.

பாவண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. விழுப்புரத்துப் பக்கம் வளவனூர்க்காரர். தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் வந்தவர், வந்த இடத்தில் கன்னடம் கற்றுக்கொண்டார். தமிழில் கதையும் கட்டுரையும் எழுதிக்கொண்டே, கிரீஷ் கார்னாட் நாடகங்கள், பைரப்பாவின் நாவல், தலித் சுயசரிதைகள் என்று ஒவ்வொன்றாக நம் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். நல்லதம்பி ரெண்டு பக்கமும் சுமக்கிறவர், தமிழிலிருந்து கன்னடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறார். புத்தக அட்டையில் இவர்கள் பேர் சின்ன எழுத்தில் இருக்கிறது. பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மூன்றாவது, நேமிசந்திராவின் 'யாத் வஷேம்'. இதுவும் நல்லதம்பி தமிழில், 2022-க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கியது. நேமிசந்திரா எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி பெங்களூருக்கு வந்து சேர்கிற ஒரு யூதச் சிறுமி, இங்கே ஒரு வீட்டில் அவர்களுடைய பிள்ளையாக வளர்கிறாள். வயதான பிறகு, அன்றைக்குப் பிரிந்த தன் குடும்பத்தைத் தேடிப் புறப்படுகிறாள். ஜெருசலேமில் இருக்கிற யூத இனப்படுகொலை நினைவகத்தின் பேர்தான் தலைப்பு. ஹீப்ருவில் அதற்கு நினைவுச்சின்னமும் பேரும் என்று பொருள். கற்பனைக் கதைதான் என்றாலும், அந்தக் காலத்தில் அங்கிருந்து இங்கே ஆட்கள் வந்தது நிஜம். மாக்ஸ் பார்ன் என்ற பெரிய இயற்பியல் விஞ்ஞானி, யூதர் என்பதால் ஜெர்மனியில் வேலை இழந்து, சி.வி. ராமன் அழைத்ததன் பேரில் 1935-36-ல் சில மாதம் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார்.

எழுத்து என்று பார்த்தால் இதில் எனக்குக் குறை உண்டு. நடுவில் தகவல்கள் கூடிப்போய்க் கதை அங்கங்கே பிரசங்கம் மாதிரி ஆகிறது. ஆனால் ஒரு சிறுமிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறதே, அந்தப் பகுதியைப் படிக்கும்போது நான் 2016 செப்டம்பர் 12-க்குப் போய்விட்டேன். காவிரித் தண்ணீர்த் தகராறில் ஊர் எரிந்த நாள். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைத் தேடிக் கொளுத்தினார்கள். வீட்டுக்காரர் ஆபீஸில் மாட்டிக்கொண்டார், பஸ் இல்லை. நானும் குழந்தையும் மட்டும் வீட்டில். மேஜை மேல் கிடந்த தமிழ் வாரப் பத்திரிகையை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருக்கிறது. சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். உடம்பெல்லாம் நடுங்கத் திறந்தால், மேஷ்ட்ரு. "ஊட்ட ஆய்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று. இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கிற முதல் கேள்வி. அப்புறம் கீழேயிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வாசல் கதவை ஒட்டிப் போட்டு, பிரஜாவாணியை விரித்து வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் வந்து சேர்கிற வரைக்கும், ராத்திரி ஒன்பதரை வரைக்கும், உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்குக் கண் நன்றாக இருந்தது. அந்தப் பேப்பரை நாலு தடவையாவது படித்திருப்பார்.

இதை நான் அவரிடம் இந்த வருஷம்தான் சொன்னேன், 'யாத் வஷேம்' முடித்த பிறகு. அவருக்கு அது ஞாபகமே இல்லை.

இப்போது படித்துக்கொண்டிருப்பவை ரெண்டு. ஒன்று எஸ்.எல். பைரப்பாவின் 'பருவம்'. கன்னடத்தில் 1979-ல் வந்த 'பர்வ', பாவண்ணன் தமிழில். தலையணை கனம், மெட்ரோவுக்கு ஆகாது, ராத்திரி படுக்கையில்தான். மகாபாரதத்திலிருந்து வரங்களையும் சாபங்களையும் உருவி எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? மனுஷர்களும் வயதும் பசியும் வாரிசு இல்லாத பயமும் இருக்கும். தேவர்கள் என்பவர்கள் இமயமலையில் வாழ்கிற ஒரு கூட்டம். போர்க்களத்தில் தண்ணீர்ப் பஞ்சம், பிணநாற்றம், மலநாற்றம். குந்தியும் திரௌபதியும் அவரவர் மனசுக்குள் பேசிக்கொள்கிற நீண்ட பக்கங்களில் ஒரு அலுப்பு வருகிறது பாருங்கள், வீட்டு வேலை எல்லாம் முடித்து ராத்திரி பதினொரு மணிக்கு உட்காருகிற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். பாதி தாண்டிவிட்டேன். ஆலோசனை மண்டபத்தில் ஆண்கள் பேசுகிற இடங்களில் வண்டி மெதுவாகத்தான் போகிறது.

2025 செப்டம்பர் 24-ஆம் தேதி பைரப்பா காலமானார். ரெண்டு நாள் முன்னால்தான் இன்னொரு கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் சாமுண்டி மலையில் மைசூர் தசராவைத் தொடங்கி வைத்திருந்தார். அந்த வாரம் முழுக்கக் கீழ்வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. மேஷ்ட்ரு ரெண்டு பேரையும் படித்தவர், ரெண்டு பேரோடும் சண்டை போட்டவர், மனசுக்குள். "ஒரே பாஷைக்குள்ள இவ்வளவு பெரிய மைதானம் இருக்கம்மா" என்றார்.

பானு முஷ்தாக்கைத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறோம். சர்வதேச புக்கர் பரிசு 2025-ல் அவருக்கும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கும் கிடைத்தபோது, அந்தப் பரிசு முதல் தடவையாக ஒரு சிறுகதைத் தொகுப்புக்குப் போனது. தொகுப்புக்குப் பேர் கொடுத்த கதை கன்னடத்தில் 'எதெய ஹணதெ'. எதெ என்றால் நெஞ்சு, ஹணதெ என்றால் அகல். காந்தி பஜாரில் ஒரு கடையில் புத்தகத்தை வாங்கி, மேஷ்ட்ரு கையில் கொடுத்தேன். அவர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடமே நீட்டினார். "நீ ஓது" என்றார்.

எனக்குக் கன்னட எழுத்து அப்போதுதான் கூடிவந்துகொண்டிருந்தது. மகளின் பழைய பாடப்புத்தகத்தை வைத்து நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது. தமிழில் ஒரே 'க'. அது எங்கே அழுந்தும், எங்கே மெலியும் என்று நம் நாக்குக்குத் தானாகத் தெரியும். கன்னடத்தில் அதற்கு நாலு எழுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து நிதானிக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம் ஒத்தக்ஷரம். மெய்யும் மெய்யும் சேர்ந்தால் ரெண்டாவது எழுத்து சின்னதாகி முதல் எழுத்தின் காலடியில் தொங்கும். கண் வரியின் மேலேயே ஓடிப் பழகியது, கீழே தொங்குவதை விட்டுவிட்டு ஓடிவிடும். "கெளகெ நோடு, கெளகெ" என்பார் மேஷ்ட்ரு. கீழே பார், கீழே. அவருக்கு எழுத்தே தெரியாது, நான் விட்டது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். நான் தப்பாகச் சொன்ன சத்தத்தை வைத்தே எந்த எழுத்தை விட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்.

கதையில் மெஹ்ருன் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். புருஷன் வேறொருத்தியிடம் போய்விட்டான். அண்ணன் தம்பிகள் அவள் சொல்வதைக் காதில் வாங்குவதற்கு முன்னால் குடும்ப மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வந்த வழியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி. பிள்ளைகள் தூங்குகின்றன. நான் எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைப் படித்தேன்: ஸீமெஎண்ணெ. படித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது. சீமெண்ணெய். என் ஆச்சி மண்ணெண்ணெய் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சாத்தூரில் ரேஷன் கடை வரிசையில், தகர டின்னோடு நாங்கள் நின்றது சீமெண்ணெய்க்குத்தான். கதை முழுக்க மேஷ்ட்ரு அங்கங்கே அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தார், இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவிலும் ஒரு மெஹ்ருன் இருந்தாள். எனக்குக் குரல் எழவில்லை. மேஷ்ட்ரு எதுவும் கேட்காமல் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். கதை எப்படி முடிகிறது என்று சொல்ல மாட்டேன். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். அந்த வீட்டு மூத்த பெண் சல்மாவை எனக்காக ஒரு நிமிஷம் கூடுதலாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த வாரம் இன்னொரு கதையை ஆரம்பிக்க எங்கள் ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை. "இன்னிக்கு உங்க பாஷையில ஏதாவது படி" என்றார். நான் மாடிக்குப் போய்க் குறுந்தொகையை எடுத்து வந்தேன். கல்யாணத்தின்போது அப்பா கொடுத்தனுப்பிய உ.வே.சா. பதிப்பு. முதலில் 1937-ல் வந்தது, என்னிடம் இருப்பது மறுபதிப்பு. நாற்பதாம் பாட்டு என்றதும் மேஷ்ட்ரு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் செய்ததை வாலிபத்தில் படித்திருக்கிறாராம். ராமானுஜன் மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, கன்னடத்தில் கவிதை எழுதியவர், சிகாகோவில் இருந்துகொண்டு 1967-ல் குறுந்தொகையையும் 1973-ல் வசனங்கள் என்கிற கன்னடச் சிவபக்திக் கவிதைகளையும் உலகத்துக்குக் கொண்டுபோனவர். "மாஸ்தியவர வீட்டிலயும் தமிழ்தான் தெரியுமா?" என்று கேட்டார் மேஷ்ட்ரு. எனக்குத் தெரியாது. 1983-ல் ஞானபீடம் வாங்கிய மாஸ்தி வெங்கடேச அய்யங்கார். 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும். அவருக்குத் தாய்மொழி தமிழ்.

நான் பாட்டை மெதுவாகப் படித்தேன். 'எம்முறைக் கேளிர்' என்று வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார். "கேளிர். கெளெயரு!" என்றார். கெளெய என்றால் நண்பன். அடுத்து 'செம்புலப் பெயல்நீர்' என்றேன். அர்த்தம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "செம், செம்" என்று ரெண்டு தரம் சொன்னார். நம்முடைய செவி அவர்களுக்குக் கிவி, சேரி கேரி, செம் என்பது கெம். நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. எங்கள் பக்கத்து மாரத்தஹள்ளியும் பொம்மனஹள்ளியும் அப்படி ஹள்ளி ஆனவைதான். ஆக, புலம்? "ஹொல" என்றார். ஹொல என்றால் வயல். "கெம்பு ஹொல! கெம்பு ஹொலதல்லி மளெ நீரு!" சிவந்த வயலில் மழை நீர். அந்த வராந்தாவே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

எனக்கு அப்போது சித்தலிங்கையாவின் அப்பா நுகம் இழுத்த வயல் ஞாபகம் வந்தது. அதுவும் ஹொலதான். காதலர் நெஞ்சம் கலந்ததும், மனுஷன் மாடாக நின்றதும் ஒரே சொல்லுக்குள் இருக்கிற நிலத்தில். மேஷ்ட்ருவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹௌதம்மா" என்றார். ஆமாம்மா என்று.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். அந்த ஐந்து வரியையும் கன்னட எழுத்தில், பெரிது பெரிதாக, ஒரு சார்ட் பேப்பரில் எழுதித் தரச் சொன்னார். முழங்கை அகலத்துக்கு எழுதினால் ஓரக் கண்ணால் பிடித்துவிடுவேன் என்றார். மகளின் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை வாங்கிக்கொண்டு அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ரெண்டு வரி தாண்டுவதற்குள் இடித்தது. 'முறை'க்கு எழுத்து இல்லை. மூன்றாவது வரியில் 'எவ்வழி அறிதும்'. வழியில் ழ, அறிதுமில் மறுபடி ற. பாடப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். ளவும் ரவும்தான் இருந்தன. அந்த மூன்று இடத்தையும் காலியாக விட்டு மிச்சத்தை எழுதி, காலையில் கீழே கொண்டுபோனேன்.

மேஷ்ட்ரு பேப்பரை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார். காலி இடம் வந்ததும் நின்றார். ஏன் என்று சொன்னேன். "பேனாவைக் கொடு" என்றார். பழைய கன்னடக் கவி பம்பன் காலத்துக் கன்னடத்தில் அந்த ரெண்டு எழுத்தும் இருந்தனவாம். ழ பின்னால் ளவோடு கலந்துவிட்டது, ற ரவோடு. ஹளகன்னடம், அதாவது பழங்கன்னடம், நடத்தும்போது கரும்பலகையில் எழுதிக் காட்டுவாராம். இடது கையால் காலி இடத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்து, வலது கையால் ஒரே இழுப்பில் ழவைப் போட்டார். அப்புறம் ற, அதையும் ரெண்டு இடத்தில். கோடு கொஞ்சம் கோணல், ஆனால் இடம் தப்பவில்லை. "ஓய்வு பெற்ற பிறகு இதை நான் எழுதவே இல்லை" என்றார்.

சார்ட் இப்போது அவர் வராந்தாச் சுவரில் இருக்கிறது. நேற்று ஸ்கூல் விட்டு வந்த என் மகள் புத்தகப் பையோடு அதன் முன்னால் நின்று, விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து, மூன்றாவது வரியில் நின்றாள். "மேஷ்ட்ரே, இது எந்த எழுத்து? எங்க புக்ல இல்லையே?" என்றாள். அவர் பக்கத்து நாற்காலியைத் தட்டி அவளை உட்காரச் சொன்னார்.